தாளா, கணினியா, மானிட்டரா: கேஷுவல்ட்டியில் வைட்டல்ஸ் எழுதும் வழிகள்

நோயாளியின் நாடி, மூச்சு, பிரஷர், காய்ச்சல் இவற்றை எதில் எழுதுவது என்று கேட்டால் தென்னாப்பிரிக்க நர்ஸ்கள் மூன்று கட்சியாகப் பிரிவார்கள். அச்சடித்த ட்ரியாஜ் தாள், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று வாசலிலேயே பிரிக்கும் தாள், போதும் என்பவர்கள் ஒரு பக்கம். கணினியில் ஏற்றினால்தான் நிலைக்கும் என்பவர்கள் இன்னொரு பக்கம். நோயாளியின் உடம்போடு ஒயரால் இணைத்த மானிட்டரே நேராகப் பதிந்துகொள்ளட்டும் என்பது மூன்றாவது கட்சி. டர்பனில் மூன்றையும் வைத்து வேலை பார்த்த எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: உடம்பிலிருந்து பதிவேட்டுக்குப் போவதற்குள் ஓர் எண் எத்தனை கை மாறுகிறது?

தாளைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. 2004இல் கேப் ட்ரியாஜ் குழு உருவாக்கத் தொடங்கி, 2006இல் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த முறைதான் இன்று சாட்ஸ் என்கிற தென்னாப்பிரிக்க ட்ரியாஜ் அளவை. டாக்டர் வரும்வரை காத்திராமல், வாசலில் இருக்கும் உதவி நர்ஸே போடக்கூடிய கணக்காக அதை அமைத்தார்கள். நடமாட்டம், மூச்சு, நாடி, மேல் பிரஷர், காய்ச்சல், நினைவு, அடிபட்டதா இல்லையா என்று ஏழு விஷயங்கள்; ஒவ்வொன்றுக்கும் புள்ளி. இந்தக் கூட்டலுக்கு டியூஸ் என்று பெயர். 7க்கு மேல் போனாலும் 7ஏ வந்தாலும் சிவப்பு, உடனே பார்க்க வேண்டும். 5, 6 ஆரஞ்சு, பத்து நிமிடம். 3, 4 மஞ்சள், ஒரு மணி நேரம். அதற்குக் கீழே பச்சை, நான்கு மணி நேரம்வரை பொறுக்கலாம். நெஞ்சுவலி போன்ற சில அறிகுறிகள் இருந்தால் கூட்டல் எவ்வளவு வந்தாலும் நிறம் ஏறிவிடும்.

இதில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் மூச்சு. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயாவை மகன் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடித்துக்கொண்டு நடப்பதால் 1. நாடி 114, அதற்கு 2. பிரஷர் 104, காய்ச்சல் 38.2, நல்ல நினைவு, அடி எதுவும் இல்லை. இவற்றுக்குப் புள்ளியே இல்லை. மூச்சை எண்ணினால் 24, அதற்கு 2. மொத்தம் 5, ஆரஞ்சு. எண்ணாமல் வழக்கம்போல் 18 என்று எழுதினால் மூச்சுக்கு 1தான். மொத்தம் 4, மஞ்சள். பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவர் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க வந்த எல்லாருக்கும் 18, 20 என்றே எழுதியிருக்கும் தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டார்களாம்!

இந்தப் பொய்யைக் கணினி தடுக்குமா? தடுக்காது. 18ஐத் தட்டச்சு செய்வதும் சுலபம்தான். ஆனால் கூட்டலில் தப்பு வராது. அவசர நேரத்தில் தாளில் அது அடிக்கடி வரும். இன்னொரு லாபம் நேரம். பத்து மணிக்குப் பார்த்த வைட்டல்ஸை பதினொன்றுக்கு எழுதிவிட்டுத் தாளில் '10:00' என்று போட்டால் யாருக்கும் தெரியாது. ஒழுங்காக அமைத்த மென்பொருளில் எப்போது பார்த்தது, எப்போது ஏற்றியது என்று இரண்டுமே பதிவாகும். சில சிஸ்டர்களுக்கு இதனாலேயே கணினி பிடிக்காது. வெஸ்டர்ன் கேப்பில் ஹெக்டிஸ் என்கிற கேஷுவல்ட்டி மென்பொருள் இருக்கிறது. இங்கே கேட்டோ மேனரில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை 2002இல் காகிதமில்லா மருத்துவமனையாகவே தொடங்கியது. ஆனால் அது மற்ற மருத்துவமனைகள் அனுப்பும் நோயாளிகளைப் பார்க்கும் இடம். மாதக் கடைசி சனிக்கிழமை இரவில் வாசலில் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு அதை உதாரணம் காட்ட முடியாது.

கணினி எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். நர்ஸ் மேசையில் ஒன்றே ஒன்று இருந்தால் எண் முதலில் கையுறையிலோ டிஷ்யூத் தாளிலோ ஏறும், பிறகு மேசைக்குப் போகும். இரண்டு முறை எழுதும் வேலை, இரண்டு முறை பிழைக்கும் வாய்ப்பு. இந்த ஏற்பாட்டைவிடத் தாளே மேல் என்பேன். லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டு வேறு. 2023இல் பட்ட பாடு மறந்துவிடாது. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டாலும் நெட்வொர்க் எழுந்து வரச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை எல்லாரும் தாளைத்தான் தேடுவார்கள்.

மானிட்டர் கட்சிக்கு என் பதில் சுருக்கமானது: உயிருக்குப் போராடுபவர்களைப் பார்க்கும் ரிசஸ் அறையில் சரி, வாசலில் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிரஷர் தேவைப்படும் நோயாளிக்கு அதுதான் வழி. எண் கையே மாறுவதில்லை. ஆனால் தவறான எண்ணும் அப்படியே போய்ச் சேரும். நெஞ்சில் ஒட்டிய லீட் ஒயர் வழியாக அது மூச்சை எண்ணும்போது நோயாளி புரண்டால் கணக்கு குழம்பும். பருமனான கைக்குச் சின்ன கஃப் (பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) போட்டால் பிரஷர் ஏறித் தெரியும். நாடி தாறுமாறாக ஓடினால் இயந்திர பிரஷரை நம்ப முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்; நம் நாட்டு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இது பொருந்தும். அதோடு டியூஸின் ஏழில் நடமாட்டம், நினைவு, அடி மூன்றையும் எந்த ஒயரும் சொல்லாது.

தாளைப் போனில் படமெடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் நான்காவது வழியும் நடக்கிறது. பெயரோடு படம் போகிறது என்பதால் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போபியா சட்டத்தின்படி சிக்கல். அவசரத்துக்கு உதவினாலும் அதைப் பதிவு என்று சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு: வாசலில் புள்ளி அட்டவணை அச்சடித்த சாட்ஸ் தாள், உள்ளே கட்டிலருகே உருண்டு வரும் கணினி, ஒரே முறை ஏற்ற, ரிசஸில் மானிட்டர், ஆனால் ஒவ்வொரு வரியையும் நர்ஸ் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே பதிவாகும்படி. இவ்வளவுக்குப் பணமில்லை என்று மேலாளர் சொன்னால், மானிட்டரைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று அளவு கஃபும், ட்ரியாஜ் மேசைக்கு எதிரே நொடிமுள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரமும் முதலில் வாங்கச் சொல்லுங்கள்.