வெள்ளி விலை ஏறும்போது எதைக் குறைப்பது: எடையையா, உலோகத்தையா, லாபத்தையா?

2025-இல் தங்கமும் வெள்ளியும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின. 1980-லும் 2011-லும் தொட்டுவிட்டுத் திரும்பிய பழைய உச்சத்தை வெள்ளி அந்த ஆண்டு அக்டோபரில் தாண்டிப் போனது. கையால் நகை செய்து விற்பவர்கள் பலர் "கொஞ்ச நாளில் இறங்கிவிடும்" என்று காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோண்டி எடுக்கப்படும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கச் சுரங்கங்களில் கூடவே கிடைப்பது. வெள்ளி விலை ஏறியதற்காக யாரும் துத்தநாகத்தை இரண்டு மடங்கு தோண்டப் போவதில்லை. இன்னொரு பக்கம் சோலார் பலகை, மின்னணுச் சாதனம் என்று தொழிற்சாலைகளே பாதிக்கு மேல் வாங்கிக்கொள்கின்றன. விலை இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அதை நம்பி விலைப்பட்டியல் போட முடியாது.

கையில் இருப்பவை மூன்று வழிகள். அதே வெள்ளியில் எடையைக் குறைத்துச் செய்வது. பித்தளை, முலாம் என்று உலோகத்தையே மாற்றுவது. எதையும் மாற்றாமல் விலையை ஏற்றுவது. பேச்சில் இந்த மூன்றையும் ஏதோ கொள்கைப் பிரச்சினை போல ஆக்கிவிடுகிறார்கள். என் கணக்கு வேறு: எந்த நகை, அதன் விலையில் உலோகத்தின் பங்கு எவ்வளவு, அது உடம்பில் எங்கே உரசுகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் வழியும் தெரிந்துவிடும்.

முதலில் பங்கைப் பாருங்கள். மெல்லிய கம்பியில் நுணுக்கமாகச் செய்த ஒரு தோட்டின் விலை 100 என்றால், அதில் உலோகம் 12 என்று வைத்துக்கொள்வோம். மீதி உழைப்பு, கல், பெட்டி, இதர செலவு, லாபம். வெள்ளி 50 சதவீதம் ஏறினால் அந்தத் தோடு 106 ஆகும். வாங்குபவருக்கு வித்தியாசமே தெரியாது. இதற்காக உலோகத்தை மாற்றுவது வீண் வேலை. தடித்த காப்பு ஒன்றில் உலோகம் 55 என்றால் அதே ஏற்றத்தில் அது 127-ஐத் தாண்டிவிடும். சிக்கல் இங்கேதான். பலர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறார்கள்.

எடையைக் குறைப்பது

மூன்றில் எனக்குப் பிடித்த வழி இது. வடிவமைப்பவரின் மூளைக்கு வேலை இருப்பது இதில்தான்.

கம்பியிலிருந்து தொடங்கலாம். 92.5 வெள்ளியில் (நூறில் 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) 1 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் எடுத்தால் சுமார் 8.1 கிராம். 0.8 மில்லிமீட்டர் கம்பி அதே நீளத்துக்குச் சுமார் 5.2 கிராம். தடிமன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது என்பதால் வரும் லாபம் இது. கண்ணுக்கு அந்த 0.2 மில்லிமீட்டர் பெரிதாகத் தெரியாது. சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டையாக்கினால் அகலம் கூடிவிடும், விறைப்பும் ஏறும். பார்ப்பவருக்குப் பழைய கம்பியைவிடப் பெரிதாகவே தோன்றும்.

உருண்டைகளில் இந்த லாபம் இன்னும் பெரிது. 10 மில்லிமீட்டர் வெள்ளிக் குண்டு முழுக் கட்டியாக இருந்தால் 5.4 கிராம். அதையே 0.4 மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு அரைக் கிண்ணங்களாகக் குழித்துச் சேர்த்தால் 1.2 கிராம்தான். காதில் தொங்கும் நகைக்கு இது சிக்கனம் மட்டும் இல்லை, போட்டுக்கொள்பவருக்கு நிம்மதியும் கூட. ஆனால் சும்மா வருவதில்லை. இரண்டு கிண்ணங்களின் விளிம்பையும் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கீற்று தெரியக்கூடாது. பற்றவைக்கும் முன் எங்காவது ஊசித் துளை ஒன்று போட்டாக வேண்டும். அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, பொடியை (பற்றவைக்க உருக்கும் கலவை உலோகத்தை) வெளியே தள்ளிவிடும், சில சமயம் குண்டே வெடிக்கும். அப்புறம் அமிலத்தில் போட்டு எடுத்தால் உள்ளே புகுந்த அமிலத்தைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் போட்டு வெளியேற்ற வேண்டும். இந்த நேரமெல்லாம் கூலியில் ஏறும். 4 கிராம் மிச்சமாவதற்கு அரை மணி நேரம் செலவழித்தால் கணக்கு சரியா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். வெள்ளி மலிவாக இருந்தபோது சரிவராத கணக்கு இப்போது சரிவரும்.

தகட்டில் எனக்குப் பிடித்த உத்தி வளைப்பு. 0.8 தகட்டுக்குப் பதில் 0.5 தகடு எடுத்தால் தட்டையாக இருக்கும்வரை அது நெளியும். அதையே குதிரைச் சேணம் போல இரு திசையிலும் எதிரெதிராக வளைத்துவிட்டால் விறைப்பு வந்துவிடும். ஓரத்தை மடித்து அடித்தாலும் அப்படியே. மடித்த விளிம்பு தடித்த தகடு என்ற தோற்றத்தையும் கொடுக்கும். இதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். எடையைச் சொல்லி விற்கும் வரை இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் தகட்டில் துளைத்து அறுத்துப் பூவேலை செய்தால் எடை குறையும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். நகையின் எடை குறையும், நீங்கள் வாங்கிய தகட்டின் எடை குறையாது. அறுத்துப் போட்ட துண்டு திரும்ப உருகி வந்தால்தான் மிச்சம்.

சில இடங்களில் கையே வைக்கக்கூடாது. மோதிரத்தின் அடிப்பகுதி, கொக்கி, இணைப்பு வளையம். மெல்லிய கம்பியில் பெரிய வளையம் செய்து பற்றவைக்காமல் விட்டால் சங்கிலி ஒரு இழுப்பில் அங்கேதான் பிரியும். வளையத்தை மெல்லியதாக்கியே தீருவேன் என்றால் உள்விட்டத்தையும் சேர்த்துக் குறையுங்கள், வாயைப் பற்றவையுங்கள். மிச்சமாகும் வெள்ளி கடுகளவு. அதற்காகத் திரும்பி வரும் நகையைப் பழுது பார்க்கும் நேரத்தை யார் கொடுப்பது?

உலோகத்தை மாற்றுவது

பித்தளையும் செம்பும் வெள்ளியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இலவசம். பித்தளை அடர்த்தியும் குறைவு, அதே அளவு நகை வெள்ளியைவிட ஆறில் ஒரு பங்கு லேசாக இருக்கும். இதில் மறைந்திருக்கும் செலவு உழைப்பு. பித்தளைத் தகட்டை அறுக்கவும் அராவவும் மெருகேற்றவும் வெள்ளிக்கு ஆகும் அதே நேரம்தான் ஆகும். வாங்குபவரோ "பித்தளைதானே" என்பார். உலோகத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கூலியில் இழக்க வாய்ப்பு உண்டு. பித்தளையை அதன் அழகுக்காகவே எடுத்து, அதற்கென்று ஒரு வடிவம் யோசித்துச் செய்பவர்கள் பிழைக்கிறார்கள். வெள்ளிக்காக வரைந்த வடிவத்தை அப்படியே பித்தளையில் இறக்குபவர்கள் திணறுகிறார்கள். தோலில் பச்சை படிவதையும் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். செம்பு வியர்வையோடு வினைபுரிவதால் வருவது, கழுவினால் போய்விடும். ஆனால் சொல்லாமல் விற்றால் போலி என்றே நினைப்பார்கள்.

ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் விற்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். நிக்கல் பலருக்கு ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியம் தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்றும், துளையில் நுழையும் தண்டுக்கு 0.2 மட்டுமே என்றும் வரம்பு வைத்திருக்கிறது. காதுக்குள் போகும் பாகத்தை இதில் செய்யவே வேண்டாம்.

தங்க நிறம் வேண்டும் என்றால் போட்டி கொஞ்சம் சுவாரசியமானது. சாதாரண முலாம், வெள்ளியின் மேல் தடித்த முலாம் போட்ட வெர்மெய், பித்தளையின் மேல் தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டிய கோல்டு ஃபில்டு என்று மூன்று. கோல்டு ஃபில்டில் 14/20 என்று முத்திரை இருந்தால், எடையில் இருபதில் ஒரு பங்கு 14 காரட் தங்கம் என்று அர்த்தம். தினமும் போடும் சங்கிலிக்கும் காதுக் கொக்கிக்கும் இதுதான் என் தேர்வு. ஆனால் பட்டறை வேலைக்கு இது சொன்னபடி கேட்காது. அரம் போட்டால் உள்ளே இருக்கும் பித்தளை எட்டிப் பார்க்கும், வெட்டிய முனையிலும் அப்படியே. கம்பியைச் சுற்றிப் பின்னுபவர்களுக்குச் சரி, பற்றவைத்து அராவி வேலை செய்பவர்களுக்குத் தலைவலி.

வெர்மெய்க்கு அமெரிக்க விதியில் 2.5 மைக்ரான் தங்கப் பூச்சு வேண்டும். அதில் எவ்வளவு தங்கம் போகிறது என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் கூட இல்லை. 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு ஜோடித் தோட்டுக்கு ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே தங்கம் ஏறுகிறது என்று பூச்சை மெல்லியதாக்குவது மோசமான சிக்கனம். மிச்சமாவது சொற்பம், நிறம் போவது சீக்கிரம். வெர்மெய்யின் உண்மையான சிக்கல் வேறு: அதன் அடி வெள்ளி. வெள்ளி விலையிலிருந்து தப்பிக்க வெர்மெய்க்குப் போவதில் அர்த்தமே இல்லை. மோதிரத்தில் எந்த முலாமும் வேண்டாம். உள்ளங்கைப் பக்கம் முதலில் தேயும்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் போதுமான பேர் முயல்வதில்லை என்பது என் எண்ணம். கொரியாவின் கும்பூ முறை. சுத்தத் தங்க இழையை வெள்ளியின் மேல் வைத்து, உருகும் சூட்டுக்கு எவ்வளவோ கீழே, 300 டிகிரி செல்சியசையொட்டிச் சூடாக்கி, அகேட் கல் முனையால் அழுத்தித் தேய்த்தால் இரண்டும் பொடியே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். 92.5 வெள்ளியில் செய்வதாக இருந்தால் முன்னதாகப் பலமுறை சூடாக்கி அமிலத்தில் போட்டு எடுத்து, மேற்பரப்பில் சுத்த வெள்ளி வரும்படி செய்துகொள்ள வேண்டும். முழு நகைக்கும் தங்கம் பூசுவதைவிடக் கண் போகும் ஒரு இடத்தில் மட்டும் தங்கம் இருப்பது அழகாகவும் இருக்கிறது, செலவும் கையளவில் நிற்கிறது.

விலையை ஏற்றுவது

எல்லோரும் பயப்படுவது இதற்கு. ஆனால் பயத்தைவிடக் கணக்கு முறைதான் இதில் அதிகம் காலை வாருகிறது. உலோகச் செலவை மூன்றால் பெருக்கி விலை வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உலோகம் இரட்டிப்பானால் நகை விலையும் இரட்டிப்பாகும். நீங்கள் கூடுதலாக ஒரு நிமிடம் கூட உழைக்கவில்லை, வாங்குபவர் ஓடிவிடுவார். உலோகத்தை அதன் விலையோடு சின்னச் சேதாரம் சேர்த்துத் தனியாக எழுதுங்கள். கூலியை நேரத்துக்குத் தனியாக எழுதுங்கள். அப்போது உலோகம் ஏறினால் உலோகத்தின் பங்கு மட்டும்தான் ஏறும்.

எந்த விலையை எழுதுவது என்பதில் ஒரு தகராறு. போன வருடம் வாங்கிய தகட்டுக்குப் போன வருட விலையா, இன்றைய விலையா? இன்றைய விலைதான். விற்றதும் அந்தத் தகட்டைத் திரும்ப வாங்க வேண்டியது இன்றைய விலையில். பழைய விலைக்கு விற்றுத் தீர்த்தால் பெட்டி நிறையப் பணம் இருப்பது போலத் தோன்றும், அடுத்த தகடு வாங்கப் போகும்போது போதாது. அதேபோல, விலை இன்னும் ஏறும் என்று கடன் வாங்கி வெள்ளியைக் குவிப்பது நகைத் தொழில் இல்லை, சூதாட்டம். ஆர்டருக்குத் தேவையானதோடு கொஞ்சம் கூட இருந்தால் போதும்.

மதிப்பை உலோகத்திலிருந்து கல்லுக்கு நகர்த்துவதும் ஒரு வழி. ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கம் 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் தன் முறையை வெளியிட்ட காலத்திலிருந்து இருப்பதுதான், நீலம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. வேதியியலில் இயற்கைக் கல்லும் அதுவும் ஒன்று. ஆய்வகக் கல் என்று எழுதி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

மேஜையில் விழும் துகளை மறந்துவிடாதீர்கள். வெள்ளிக்கு ஒரு தட்டு, பித்தளைக்கு வேறு தட்டு. கலந்துவிட்டால் சுத்திகரிப்பவரிடம் கொடுத்து அவர் சொன்ன விலைக்கு விற்பதைத் தவிர வழியில்லை. அரத்திலிருந்து விழுந்த இரும்பைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். பொடி படாத சுத்தத் துண்டுகளை மட்டும் நீங்களே உருக்கலாம், அதிலும் பாதிக்குப் பாதி புது வெள்ளி சேர்ப்பது நல்லது. திரும்பத் திரும்ப உருக்கிய வெள்ளி தகடாக இழுக்கும்போது விரிசல் விடும், மேலே குழி குழியாக வரும்.

என் பட்டறையில் இப்போதைக்கு இப்படிப் பிரித்திருக்கிறேன். மோதிரத்தில் உலோகமும் எடையும் மாறவில்லை, விலை ஏறியது. தொங்கும் தோடுகள் உள்ளீடற்றவை ஆயின, விலை கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. தங்க நிறச் சங்கிலிகள் கோல்டு ஃபில்டுக்குப் போயின. தடித்த காப்பை முன்கூட்டியே செய்து வைப்பதை நிறுத்திவிட்டேன். கேட்பவருக்கு எடையையும் அன்றைய உலோக விலையையும் கூலியையும் மூன்று வரியாக எழுதிக் கொடுக்கிறேன். அந்த விலை சில நாளுக்குத்தான் செல்லும், உலோகப் பணம் முன்பணமாக வந்த பிறகுதான் தகடு வாங்குவேன்.