மால்ட்டைக் காய அரைப்பதா, நனைத்து அரைப்பதா?

கோலாலம்பூர் பக்கம் சின்ன அளவில் பீர் காய்ச்சும் தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது தொட்டியின் விலை, அடுத்தது குளிரூட்டியின் விலை. அரவை மெஷின் பேச்சு கடைசியில்தான் வரும். என்னைக் கேட்டால் அதை முதலில் பேச வேண்டும். மலேசியாவில் பார்லி விளைவதில்லை. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதிலிருந்து முழுச் சத்தையும் எடுக்க முடியுமா என்பது பாதிக்கு மேல் அரவையிலேயே முடிவாகிவிடுகிறது.

மால்ட்டை அரைக்கும்போது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். உள்ளே இருக்கும் மாவுப் பகுதி நன்றாக நொறுங்கினால்தான் வெந்நீரில் நொதிகள் அதைச் சர்க்கரையாக்கும். மேலே இருக்கும் உமியோ முடிந்தவரை முழுசாக இருக்க வேண்டும். பிறகு லாட்டர் டன் என்ற வடிகட்டும் தொட்டியில் சாற்றை வடிக்கும்போது, துளைத்தட்டின் மேல் படியும் அந்த உமிதான் வடிகட்டி. உமி தூளானால் படுகை இறுகி, சாறு இறங்க மறுக்கும். துவர்ப்பும் கூடுதலாக இறங்கும். காய்ந்த உமி நொறுங்கும், ஈரம் பட்ட உமி வளையும். திறந்து வைத்த அப்பளம் நம் ஊர்க் காற்றில் நமத்துப் போய் ஒடியாமல் வளைகிறதே, அதே கதைதான்.

காய அரைப்பதில் பெரிய வசதி, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. இரண்டு ரோலர் மெஷின் சின்ன இடத்துக்குப் போதும். ஆறு ரோலர் மெஷின் முதலில் உடைத்து, சலித்து, உமியையும் நொய்யையும் தனித்தனி ரோலர்களுக்கு அனுப்பும்; காய அரவையில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அரைத்ததை முந்தைய நாளே கொட்டி வைக்கலாம், மெஷின் மக்கர் பண்ணினாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். ஒரு பிடி எடுத்துச் சலித்துப் பார்த்து, உமி எவ்வளவு, நொய் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று எடை போடவும் முடியும். பிரச்சினை தூசி. மால்ட் தூசி காற்றில் அடர்ந்து பறக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் ரோலருக்கு முன்னால் காந்தமும் கல் பிரிப்பானும் வைக்கிறார்கள். அதே தூசியில் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவும் இருக்கும். கடை வீட்டில் ஒரே கூடத்தில் அரைப்பதும் நொதிக்க வைப்பதும் நடந்தால் அது நேராக பீரைப் புளிக்க வைக்க வந்துவிடும். அரவைக்குத் தனி அறை, கதவு, தூசி உறிஞ்சி. இதில் சமரசம் கூடாது.

நனைத்து அரைப்பதில் பழைய முறையும் உண்டு, புதிய முறையும் உண்டு. பழைய முறையில் மெஷினுக்கு மேலிருக்கும் கூம்பிலேயே மால்ட்டைக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரம் 30 சதவீதம் அளவுக்கு ஏறியதும் அரைப்பார்கள். முதலில் இறங்கும் மணி குறைவாக ஊறியிருக்கும், கடைசி மணி அதிகமாக ஊறியிருக்கும். அரவை ஒரு சீராக வராது. இப்போதைய முறையில் மால்ட் ஒரு செங்குத்தான குழாயின் வழியாக இறங்கும்போது 60 முதல் 70 டிகிரி வெந்நீர் சுமார் ஒரு நிமிடம் மட்டும் படும். உமி 20 சதவீத ஈரத்தை வாங்கிக்கொள்ளும், உள்ளே மாவு உலர்ந்தே இருக்கும். ஸ்டைனெக்கர் நிறுவனத்தின் வேரியோமில், ஜிஇஏ நிறுவனத்தின் மில்ஸ்டார் எல்லாம் இந்த வகை. உமி ஏறக்குறைய முழுசாக வருவதால் படுகை தளர்வாக நிற்கும். அதே தொட்டியில் கூடுதல் மால்ட் போடலாம், வடிப்பதும் வேகமாக முடியும். தூசியே கிடையாது. அருமையான இயந்திரம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒரு முறை காய்ச்சுவதற்கான மால்ட் முழுவதையும் அரைத்த கையோடு தொட்டிக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குப் பெரிய மோட்டார் வேண்டும். அது நடுவில் நின்றால் அன்றைய காய்ச்சலும் நின்றுவிடும். அரைத்ததைச் சலித்துப் பார்க்கவும் வழியில்லை. எனக்கு இதைவிடப் பெரிய கவலை நம் ஊர் வெயில். ரோலரிலும் மூலைகளிலும் ஒட்டிய ஈர மாவு, 32, 33 டிகிரி வெப்பத்தில் சீக்கிரமே புளித்துவிடும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் உள்ளே முழுக்கக் கழுவியே ஆகவேண்டும். இரவும் பகலும் காய்ச்சும் பெரிய ஆலைக்கு அது பழகிய வேலை. வாரத்துக்கு இரண்டு முறை காய்ச்சும் இடத்தில் அந்த மெஷின் மீதி நாளெல்லாம் ஈரத்தோடு சும்மா நிற்கும். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான் கையைக் காட்டுவது நடுவழியை: ஈரம் தெளித்து அரைப்பது. பெரிய இடங்களில் திருகு கன்வேயரில் மால்ட் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரையோ நீராவியையோ தெளிக்கிறார்கள். சின்ன இடத்தில் கையாலேயே செய்யலாம். 25 கிலோ மூட்டைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதாவது எடையில் 2 சதவீதம். மால்ட்டைப் பரப்பி, ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மணிகள் விரலில் ஒட்டும். பத்து நிமிடம் விட்டால் உமி தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒட்டாமல் பழையபடி உதிரியாகிவிடும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் முன்பு கேட்ட சரசரப்பு இருக்காது. அரைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்: உள்ளே காலியான நீளமான உமிக் கூடுகள், அவற்றுக்கிடையே வெள்ளை நொய். தூசியும் குறைந்திருக்கும். அரைத்ததை அன்றே போட்டுவிட வேண்டும், எடுத்து வைக்கக் கூடாது.

பூச்சோங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இங்கே காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கே, மூட்டையைப் பிரிச்சு வச்சா போதாதா?" நியாயமான கேள்விதான், ஆனால் போதாது. தெளித்த தண்ணீர் அரைக்கும் வரை உமியில்தான் நிற்கும். காற்றின் ஈரமோ நாள்கணக்கில் மெதுவாக உள்ளே வரை ஏறும். 4, 5 சதவீத ஈரத்தோடு வந்த மால்ட் முழுக்க நமத்துவிட்டால் மாவுப் பகுதி நொறுங்காமல் தட்டையாக நசுங்கும், வாசனையும் போகும். பிரித்த மூட்டையை இறுக மூடும் வாளியில் கொட்டி, குளிர்ந்த அறையில் வையுங்கள். தெளிப்பதை அரைக்கும் நேரத்தில் செய்தால் போதும்.

சுத்தியல் அரவை என்று ஒன்றும் உண்டு, எல்லாவற்றையும் மாவாக்கிவிடும். மால்ட் கூழைத் துணி வழியாக வடிக்கும் மாஷ் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு உமி முழுசாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அவர்களுக்கு அது சரி. லாட்டர் டன் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஈரம் தெளிக்கத் தொடங்கினால் ரோலர் இடைவெளியையும் மறுபடி பாருங்கள். காய அரைக்கும்போது 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வைத்திருந்ததை 0.9 வரை இறக்கிப் பார்க்கலாம், உமி தாங்கும். ரோலரின் இரண்டு முனையிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளந்து, எந்த மால்ட்டுக்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு பிடி காய்ந்த மால்ட்டை ஓட்டி ரோலரைத் துடைத்துவிடுங்கள். இந்த ஊரில் இரும்பு ரோலர் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும்.