கொடை விழா வீடியோவில் ஒரு மணி நேரம் அழிந்த கதை: மெமரி கார்டைக் கடையில் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் உள்ள எங்கள் குடும்பச் சுடலைமாட சாமி கோயிலில், கடந்த சித்திரை மாதக் கொடைக்குக் சாமியின் கதையைப் பாடி ஆடும் கணியான் கூத்து வைத்திருந்தோம். கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவிக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அடுத்த கொடைக்கு அவரால் இரவு முழுவதும் நின்று பாட முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே கூத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு பாட்டும் விடாமல் பதிவு செய்ய வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். என்னிடமிருந்த பழைய ஹேண்டிகேமை முக்காலியில் நிறுத்தி, 32 ஜிபி கார்டுகள் இரண்டில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் பதிவு செய்தேன். அந்த இரண்டு கார்டுகளையும் திருநெல்வேலியில் உள்ள ஒரு வீடியோ எடிட்டிங் கடையில் கொடுத்ததுதான் நான் செய்த தவறு. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் முழுமையாகச் சொல்கிறேன்.

பேசிய தொகை ஏழாயிரம் ரூபாய். முன்பணமாக மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். பில் தரவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு பென் டிரைவையும் இரண்டு கார்டுகளையும் திருப்பித் தந்தார்கள். வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தபோது, கூத்தின் தொடக்கமே இல்லை. அண்ணாவி காப்பு என்ற கடவுள் வணக்கப் பாட்டைப் பாடும் இடமும், மகுடம் என்ற தோல் கருவியை அடிப்பவர்கள் உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களையும் தீயில் காட்டிச் சுருதி சேர்க்கும் இடமும் காணாமல்போய், கதையின் நடுவிலிருந்து வீடியோ தொடங்கியது. பெண் வேடமிட்டு ஆடுபவர்கள் கையை வீசும்போதெல்லாம் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் தெரிந்தன. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மகுடத்தின் அடி ஒரு நொடிக்கும் குறைவாக அறுந்து மீண்டும் சேர்ந்தது. அந்தத் தாளத்தைக் கேட்டு வளர்ந்த பெரியப்பா, முதல் தடவையிலேயே, "இது என்னடே, அடி விழுந்துபோச்சு?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, கார்டுலயே ஃபைலு கெட்டுப்போய்த்தான் இருந்துச்சு, நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார் உரிமையாளர். கார்டுகளை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் இரண்டையும் கேமராவிலேயே ஓட்டிப் பார்த்திருந்ததால் அதை நான் ஏற்கவில்லை. கடைசியில், கோப்புகளைக் கணினியில் ஏற்றிய இளைஞரே உண்மையைச் சொன்னார்: "ரெண்டு கார்டுலயும் ஒரே பேருல்லா இருந்துச்சு. ரீப்ளேஸ் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னு குடுத்துட்டேன்."

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதே வகைக் கேமரா வைத்திருக்கும் யாருக்கும் இது நேரக்கூடும். சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் பதிவு செய்யும் கேமராக்கள், கார்டில் வெறும் வீடியோக்களை மட்டும் எழுதுவதில்லை. பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் பல உள் ஃபோல்டர்களை உண்டாக்கி, அவற்றில் ஸ்ட்ரீம் என்பதில் வீடியோவையும், மற்றவற்றில் எந்தத் துண்டு எந்தத் துண்டின் தொடர்ச்சி என்ற குறிப்புகளையும் வைக்கின்றன. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பயன்படுத்தும் ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை எழுத முடியாது. அதனால் நீண்ட பதிவைக் கேமராவே துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறது. என் கேமரா 2 ஜிபிக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ பதினாறு நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டுகிறது. துண்டுகளின் பெயர் 00000 என்று தொடங்குகிறது. அடுத்த கார்டைப் போட்டால் எண் மறுபடியும் 00000 என்றே தொடங்குகிறது.

என் முதல் கார்டில் 00000 முதல் 00011 வரை பன்னிரண்டு கோப்புகளும், இரண்டாவதில் 00000 முதல் 00008 வரை ஒன்பது கோப்புகளும் இருந்தன. கடையில் ஸ்ட்ரீம் ஃபோல்டரை மட்டும் திறந்து, இரண்டு கார்டின் கோப்புகளையும் ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறார்கள். அதே பெயருள்ள இரண்டாவது கார்டின் கோப்புகள் மேலே எழுதப்பட்டதால், முதல் கார்டின் ஒன்பது கோப்புகள், ஏறத்தாழ இரண்டரை மணி நேரக் கூத்து, அப்போதே போய்விட்டது. தொடர்ச்சிக் குறிப்புகள் இல்லாமல் துண்டுகளைத் தனித்தனியாக அடுக்கியதால்தான் ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி அறுந்தது. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாக முழுக் கார்டையும் ஏற்றியிருந்தாலோ, ஃபைனல் கட் புரோவில் கார்டிலிருந்து நேராக இறக்கியிருந்தாலோ, மென்பொருளே துண்டுகளை ஒரே பதிவாகச் சேர்த்திருக்கும். சீப்புக் கோடுகளுக்குக் காரணம் வேறு. நம் நாட்டில் விற்கும் இவ்வகைக் கேமராக்கள் நொடிக்கு 25 சட்டங்களை (ஃப்ரேம்களை), ஒவ்வொன்றையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பிரித்துப் பதிவு செய்கின்றன. அதைக் கவனிக்காமல் ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் போட்டு, நொடிக்கு 30 சட்டங்கள் கொண்ட எம்பி4 ஆக மாற்றியிருந்தார்கள்.

இதுவரை நடந்ததை அறியாமை என்று பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைக் கேட்காமலேயே இரண்டு கார்டுகளையும் ஃபார்மேட் செய்திருந்தார்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஃபார்மேட் செய்தாலும், மேலே வேறொன்றை எழுதாத வரை பழைய பதிவு பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும் என்று பாளையங்கோட்டையில் இருக்கும் நண்பர் சொன்னார். கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டுக் குமிழைத் தள்ளிவைத்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்டோம். முதலில் வந்த நான்கு கோப்புகளைத் திறந்தபோது, நாங்கள் அறியாத ஒரு குடும்பத்தின் நிச்சயதார்த்தம் ஓடியது. என் கார்டை ஃபார்மேட் செய்து, தங்கள் வேலைக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். அது கார்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டதால், கூத்தின் முதல் ஒரு மணி நேரம் அடியோடு அழிந்தது. அதற்குப் பின்னுள்ள ஐந்து கோப்புகள் கிடைத்தன. கடையின் கணினியில் எஞ்சியிருந்த பன்னிரண்டு கோப்புகளை என் ஹார்டு டிஸ்கில் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் எண் வரிசைப்படி, மாற்றம் எதுவும் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே கோப்பாக்கியதும் மகுடத்தின் அடி அறுபடாமல் ஒலித்தது. கடைக்காரர்கள் பத்து நிமிடத்தில் செய்திருக்கக்கூடிய வேலை அது.

முன்பணத்தில் பாதியை மட்டும் திருப்பித் தந்தார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் என் கையில் இருப்பது கடையின் முத்திரைகூட இல்லாத துண்டுச் சீட்டு. நீங்கள் கொடுக்கும்போது கார்டின் எண்ணிக்கையும், உள்ளே இருக்கும் பதிவின் நேரமும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

கார்டையே கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது. கார்டில் உள்ள அனைத்தையும், ஒரு ஃபோல்டரைக்கூடப் பிரிக்காமல், கார்டு ஒன்று, கார்டு இரண்டு என்று தனித்தனிப் பெயரிட்ட ஃபோல்டர்களில் உங்கள் ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். இரு பக்கமும் மொத்த அளவு ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, இன்னொரு நகலையும் எடுத்துவைத்த பிறகு, கடைக்கு நகலை மட்டும் கொண்டுபோங்கள். ஃபார்மேட் செய்வதை, முடிந்த வீடியோவைப் பார்த்த பிறகு உங்கள் கையால் கேமராவிலேயே செய்யுங்கள்.

அன்று இரவு எங்கள் கோயிலில் இருந்த சிலர் செல்போனில் கூத்தின் தொடக்கத்தைப் பதிவு செய்ததைப் பார்த்த நினைவு இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது அது இருந்தால், தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்; அதில் படத்தின் தரம் குறைந்துவிடும். கேபிள் போட்டு அசல் கோப்பையே எடுத்துக்கொள்கிறேன். செல்போன் பதிவுகளில் நொடிக்கான சட்ட எண்ணிக்கை ஏறி இறங்குவதால் ஒலியும் உதட்டசைவும் விலகும் என்பதை இப்போது அறிவேன், அதைச் சீராக்கும் வேலையை நானே செய்துகொள்வேன். காப்புப் பாட்டு மட்டும் கிடைத்தாலும் போதும், அண்ணாவியின் மகன் அதைத்தான் கேட்டிருக்கிறார்.