லைவ் டீலர் பிளாக்ஜாக் ஆடிக் கணக்கில் சேர்ந்த 3,240 டாலரைத் தர மறுத்துவிட்டார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவுதான் அந்த கேசினோ தளத்தின் கடைசி மின்னஞ்சல் வந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 3,240 டாலர். அதில் 600 என் கையிலிருந்து போட்ட பணம். மொத்தத்தையும் ஒரே வரியில் ரத்து செய்துவிட்டார்கள்.

தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. லைவ் மேசைகளை (நிஜ டீலர் சீட்டுப் போடுவதை வீடியோவில் பார்த்தபடி ஆடும் மேசைகள்) முகப்பிலேயே வரிசையாகக் காட்டி, முதல் முறை பணம் போட்டால் அதே அளவு போனஸ் தரும் ஆன்லைன் கேசினோ. இந்த மாதிரி தளங்கள் நிறைய இருக்கின்றன.

நான் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. கணினி தானாகச் சீட்டுப் போடும் ஆட்டங்களை நம்பாமல்தான் லைவ் டீலர் பக்கம் வந்தேன். விதிகளையும் பார்த்துத்தான் மேசையைத் தேர்ந்தெடுத்தேன். 100 கட்டிப் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 150 தரும் மேசையில்தான் உட்கார்ந்தேன், 120 தரும் மேசை பக்கமே போகவில்லை. இன்சூரன்ஸ் (டீலருக்குப் பிளாக்ஜாக் விழும் என்று கட்டும் தனிப் பந்தயம்) எடுக்கவில்லை, பக்கப் பந்தயங்களைத் தொடவில்லை. எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்று சொல்லும் அடிப்படை உத்தி அட்டவணையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆடினேன். இவ்வளவு கவனமாக இருந்தவனுக்குத்தான் இந்தக் கதி.

நம்பிக்கை வந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது வாரம், 50 டாலர் கட்டியிருந்தேன். எனக்கு இரண்டு எட்டு, டீலருக்கு ஆறு. இன்னொரு 50 கட்டி, இரண்டு தனி ஆட்டமாகப் பிரித்தேன். முதல் எட்டின் மேல் மூன்று விழுந்து பதினொன்று ஆனது, டபுள் செய்தேன், அதாவது அதில் பந்தயத்தை 100 ஆக்கினேன். டீலராக இருந்த பெண் ஒவ்வொரு சீட்டையும் பெட்டியிலிருந்து இழுத்து, மேசையில் இருந்த ஸ்கேனர் மேல் ஒரு நொடி வைத்து, அப்புறம் என் இடத்தில் போட்டார். தன் மூடிய சீட்டைத் திருப்பினார், பத்து. அடுத்து ஒரு ஒன்பது. இருபத்தைந்து, 21-ஐத் தாண்டியதால் அவர் ஆட்டம் போச்சு. எனக்கு 150 டாலர் லாபம். என் பெயரைச் சொல்லி, "நன்றாக ஆடினீர்கள்" என்று சிரித்தார். கண் முன்னால் ஓர் ஆள், கையில் நிஜச் சீட்டு, இதில் என்ன ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன்.

இப்போதும் அந்த டீலர்மேல் எனக்குக் குறை இல்லை. அவர் ஸ்டுடியோவின் ஊழியர். ஒரே ஸ்டுடியோ பல கேசினோக்களுக்கு மேசை ஓட்டிக் கொடுக்கிறது. ஆனால் பணத்தை வைத்திருப்பது தளம். சீட்டு நேர்மையாக விழுவதற்கும் கல்லாவில் இருப்பவன் பணத்தைத் தருவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்கு அன்று உறைக்கவில்லை.

கணக்கில் 3,240 டாலர் ஆனதும் எடுக்க விண்ணப்பித்தேன். மூன்று நாள் "நிலுவையில்" என்றே இருந்தது. பக்கத்திலேயே பெரிதாக ஒரு பொத்தான்: ரத்து செய்து விளையாட்டைத் தொடருங்கள். (பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021-ல் இந்த வசதியையே தடை செய்துவிட்டது. ஏன் என்று இப்போது புரிகிறது.) நான் தொடவில்லை. நான்காம் நாள் பாஸ்போர்ட் கேட்டார்கள். அனுப்பினேன். படத்தில் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று திருப்பினார்கள். மறுபடி அனுப்பினேன். முகவரிக்கு மின் கட்டண ரசீது கேட்டார்கள், அது மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றார்கள். பணம் போடும்போது இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லையே! அட்டை எண்ணைத் தட்டியதும் 600 டாலர் நொடியில் போய்விட்டது.

லைவ் சாட்டில் ஒவ்வொரு முறையும் வேறொரு பெயர் வரும். முதலிலிருந்து மொத்தக் கதையையும் சொல்ல வேண்டும். "உங்கள் பொறுமைக்கு நன்றி, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். அந்தத் துறையோடு பேச முடியுமா என்றால் முடியாதாம். ஜெயித்துக்கொண்டிருந்தபோது தினமும் "சார், எப்படி இருக்கிறீர்கள்" என்று செய்தி அனுப்பிய விஐபி மேலாளர் என் கடைசி ஆறு செய்திகளைப் படித்துவிட்டு ஒரு பதிலும் போடவில்லை.

நேற்று வந்த காரணம் இதுதான்: போனஸ் இருக்கும்போது ஓர் ஆட்டத்துக்கு 5 டாலருக்கு மேல் கட்டக் கூடாதாம், நான் விதியை மீறிவிட்டேனாம். நான் ஆடிய லைவ் மேசையில் குறைந்தபட்சப் பந்தயமே 10 டாலர்! அந்த மேசையில் உட்கார்ந்த நொடியிலேயே விதியை மீறியாகிவிட்டது. மூன்று வாரம் ஒவ்வொரு பந்தயத்தையும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு தடவைகூட எச்சரிக்கை வரவில்லை. நான் தோற்றிருந்தால் இந்த விதி வெளியே வந்திருக்கவே வந்திருக்காது.

அந்த போனஸை நான் கேட்கவும் இல்லை. பணம் கட்டும் பக்கத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள், அந்த டிக்கை நான் எடுக்காமல் விட்டேன். நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 600 டாலர் போனஸை வெளியே எடுக்க அதைப்போல் 40 மடங்குக்குப் பந்தயம் கட்ட வேண்டும், அதாவது 24,000. லைவ் பிளாக்ஜாக்கில் கட்டுவதில் 10 சதவீதம்தான் இந்த 24,000-இல் சேரும். அப்படியானால் 2,40,000 டாலருக்குப் பந்தயம் கட்ட வேண்டும். ஒரு தப்பும் இல்லாமல் ஆடினாலும் கேசினோவுக்கு அரை சதவீதம் அளவுக்குச் சாதகம் உண்டு. அதன்படி பார்த்தால் சராசரியாக 1,200 டாலர் தோற்ற பிறகுதான் 600 டாலர் போனஸ் நமக்குச் சொந்தம். இதற்குப் பெயர் வரவேற்புப் பரிசு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. போனஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய தொகை போடும் முன் சின்னத் தொகை போட்டு, ஆவணங்களைக் கொடுத்து, ஒரு முறை பணத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். உரிமச் சின்னத்தை மட்டும் நம்பாமல், உரிமம் கொடுத்த அமைப்பின் தளத்துக்கே போய் உரிம எண்ணைத் தேடுங்கள். உங்கள் நாட்டில் இந்த ஆட்டத்துக்கு அனுமதி இல்லையென்றால் புகார் சொல்லக்கூட இடம் இருக்காது, சேரவே சேராதீர்கள். தளத்தில் சேர்ந்த அன்றே விதிமுறைப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

உரிம அமைப்புக்கு இன்று காலை புகார் அனுப்பினேன். சாட் உரையாடல்களின் நகலைக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது மூன்று ஸ்க்ரீன்ஷாட்தான், மற்றதெல்லாம் அவர்கள் என் கணக்கை மூடியதோடு போய்விட்டது.