மடிக்கணினியே திரையும் விசைப்பலகையும்: வலையமைப்பு வழியா, கேப்ச்சர் கார்டு வழியா?

திரையும் விசைப்பலகையும் இல்லாமல் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மினி பிசிக்காகத் தனியே மானிட்டர் வாங்கி வைக்க யாருக்கும் மனம் வராது. அன்றாடம் பயன்படுத்தும் மடிக்கணினியையே அதற்குத் திரையாகவும் விசைப்பலகையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் மட்டும் அது நடந்துவிடாது. சில பழைய ஏலியன்வேர் மாடல்களைப் போன்ற அரிய விதிவிலக்குகளை விட்டால், மடிக்கணினியின் ஹெச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்புமே தவிர உள்ளே வாங்காது. ஆகவே நடைமுறையில் எஞ்சுபவை இரண்டு: வலையமைப்பின் வழியே தொலைவிலிருந்து நுழைவது அல்லது யூஎஸ்பி கேப்ச்சர் கார்டின் வழியே படத்தை மடிக்கணினிக்குள் கொண்டுவருவது. இரண்டையும் பயன்படுத்திய பிறகு நான் சார்ந்து நிற்பது இரண்டாவதின் பக்கம்.

வலையமைப்பு வழியின் நன்மைகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. செலவு கிடையாது, லினக்ஸ் என்றால் தொலைவிலிருந்து கட்டளைகளைத் தட்டி இயக்கும் எஸ்எஸ்ஹெச், விண்டோஸ் என்றால் ரிமோட் டெஸ்க்டாப் தயாராக இருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நுழைய முடியாது, ப்ரோ பதிப்பு வேண்டும் என்பதையும், ராஸ்பெரி பை ஓஎஸ் 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து வேலேண்டு என்ற புதிய திரை அமைப்புக்கு மாறியதால், அங்கே திரையைத் தொலைவிலிருந்து காட்டும் விஎன்சி சேவையாக வேவிஎன்சி வந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்தால் போதும். விண்டோஸ் 10, 11-இல் உள்ள மற்றொரு கணினியின் திரையைக் கம்பியில்லாமல் வாங்கிக் காட்டும் ‘இந்தக் கணினிக்கு ஒளிபரப்பு’ வசதியும் இந்த வகையில்தான் சேரும்.

ஆனால் இந்த வழிகள் எல்லாமே ஒரு நிபந்தனையின் மீது நிற்கின்றன: மறுமுனைக் கணினி முழுமையாக பூட் ஆகி, அதன் வலையமைப்பும் எழுந்திருக்க வேண்டும். நாம் திரையைத் தேடி ஓடுவதோ பெரும்பாலும் அது நடக்காத நேரத்தில்தான். என் டெபியன் லினக்ஸ் இயந்திரத்தோடு இணைத்திருந்த யூஎஸ்பி வட்டு ஒன்று செயலிழந்தபோது இதைக் கண்ணெதிரே கண்டேன். துவக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயர் உள்ள வட்டு கிடைக்காவிட்டால், ‘இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொல்லும் ‘நோஃபெயில்’ குறிப்பு அதற்கு இல்லாதபட்சத்தில், லினக்ஸைத் துவக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடுகிறது. எஸ்எஸ்ஹெச் எழவில்லை, பிங் செய்தாலும் பதில் இல்லை. மடிக்கணினியில் இருந்து பார்த்தால் மின்சாரம் இல்லாத பெட்டிக்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை. கேப்ச்சர் கார்டைச் செருகியதும், எந்த வட்டுக்காகக் காத்திருக்கிறது, இன்னும் எத்தனை விநாடி என்பதெல்லாம் மடிக்கணினித் திரையில் வரிவரியாக ஓடின. ரூட் கடவுச்சொல்லைத் தட்டி, எஃப்எஸ்டேப்பில் அந்த வட்டுக்கான ஒரு வரியைச் செயலிழக்கச் செய்ய அதன் முன்னால் கமெண்ட் குறியை இட்டு, மறுபடி துவக்கியதும் இயந்திரம் எழுந்துவிட்டது. ரூட் கணக்கு பூட்டியே இருக்கும் இயந்திரங்களில், லினக்ஸ் எழுவதற்கு முன் வரும் கிரப் துவக்கப் பட்டியலிலேயே தலையிட வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் எந்த எஸ்எஸ்ஹெச்சும் உதவாது. மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி தானே இயங்கத் தொடங்க வேண்டும் என்ற அமைப்பும், இயங்குதளத்துக்கு முன்பே எழும் பயாஸுக்குள்தான் இருக்கிறது. சர்வராக வைத்திருக்கும் எந்த இயந்திரத்துக்கும் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் அது, அதையும் பெரும்பாலும் வலையமைப்பின் வழியே செய்ய முடியாது.

கேப்ச்சர் கார்டு முறைக்கு இரண்டு பொருள்கள் தேவை. படத்துக்கு, பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், எம்எஸ்2109 சிப் கொண்ட யூஎஸ்பி கேப்ச்சர் கார்டு. மடிக்கணினி இதை ஒரு வெப்கேமராவாகவே பார்ப்பதால் தனி டிரைவர் வேண்டாம், விஎல்சி அல்லது ஓபிஎஸ் போதும். விசைப்பலகைக்கு, சிஹெச்9329 சிப் கொண்ட கேபிள். இதன் ஒரு முனை மடிக்கணினிக்கு சீரியல் போர்ட்டாகவும், மறுமுனை மினி பிசிக்கு சாதாரண யூஎஸ்பி விசைப்பலகை, மவுஸாகவும் தெரிகிறது. பயாஸ் ஏற்றுக்கொள்வதும் அதனால்தான். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்துத் தரும் ஓபன்டெர்ஃபேஸ் மினி கேவிஎம், நானோகேவிஎம் யூஎஸ்பி போன்றவையும் வந்துவிட்டன. விலை கூடுதல் என்றாலும், மென்பொருளும் சேர்ந்தே வருவதால் சிரமம் குறைவு.

குறைகளும் உண்டு. 1920×1080 படத்தைச் சுருக்காமல், புள்ளிக்கு 16 பிட் கணக்கில், விநாடிக்கு 30 முறை அனுப்ப விநாடிக்கு ஏறக்குறைய 995 மெகாபிட் வேண்டும், இந்தக் கார்டு பயன்படுத்தும் யூஎஸ்பி 2.0-இன் உச்சமோ 480 மெகாபிட். எனவே கார்டு ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கியே அனுப்புகிறது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளின் விளிம்பு கலங்கித் தெரிவதற்கும், மவுஸ் சற்றுப் பின்தங்கி நகர்வதற்கும் அதில் பங்கு உண்டு. பழுது பார்க்க இது போதும். நாள் முழுவதும் உட்கார்ந்து எழுத இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் மடிக்கணினி தானே பிடித்துக்கொள்ளும். அவற்றை மறுமுனைக்கு அனுப்ப மென்பொருளில் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மினி பிசியின் பவர் பொத்தானையும் கையால்தான் அழுத்த வேண்டும்.

ராஸ்பெரி பை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிளின் மூன்று கம்பிகளை 6, 8, 10 ஆம் பின்களில் இணைத்து, முன்கூட்டியே சீரியல் வசதியை இயக்கி வைத்திருந்தால், விநாடிக்கு 115200 பிட் வேகத்தில், இயங்குதளத்தின் மையமான கர்னல் எழும்போது வரும் செய்திகளிலிருந்தே மடிக்கணினியில் பார்க்கலாம். 5 வோல்ட் சிக்னல் தரும் கேபிளைச் செருகினால் போர்டு பழுதாகக்கூடும்.

மறுமுனைக் கணினியின் திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் வலையமைப்பின் வழியே தரும், பைகேவிஎம் போன்ற ஐபி கேவிஎம் கருவிகள் இரண்டு வழிகளின் பலனையும் சேர்த்துத் தருகின்றன. வெளியூரிலிருந்தே பயாஸைத் திறக்கலாம். நான் நண்பர் ஒருவரின் இடத்தில் சிறிது நேரம் மட்டுமே அதைக் கையாண்டேன் என்பதால், பல ஆண்டுப் பயன்பாட்டில் எப்படி இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். அதற்குள்ளும் ஒரு லினக்ஸ் ஓடுகிறது என்பதும், அதையும் புதுப்பித்துக் காக்க வேண்டும் என்பதும் மட்டும் உறுதி. ஒரே வீட்டுக்குள் உள்ள இயந்திரத்துக்கு அந்தக் கூடுதல் பராமரிப்பு தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே அன்றாட வேலைக்கு எஸ்எஸ்ஹெச்சை விடாமல், கேப்ச்சர் கார்டையும் சிஹெச்9329 கேபிளையும் மினி பிசியின் அருகிலேயே வைத்திருக்கிறேன். புதிதாக வாங்குபவர்கள், பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், டெஸ்க்டாப்பில் அல்லாமல் பயாஸிலேயே சோதித்துவிடுவது நல்லது: துவங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசை எடுபடுகிறதா, பயாஸின் தெளிவுத்திறனில் கார்டு படம் காட்டுகிறதா, அம்பு விசைகளால் பட்டியலில் நகர முடிகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.