டென்சியோமீட்டர்: வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள்

சொட்டுநீர்ப் பாசனம் உள்ள வாழைத் தோட்டத்துக்காக 30 செ.மீ., 60 செ.மீ. ஆழங்களுக்கு ஒவ்வொன்றாக, மண்ணின் ஈரநிலையை அறிய உதவும் டென்சியோமீட்டர் என்னும் கருவிகள் இரண்டை வாங்கி, கோடை முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நீர் நிரப்பிய குழாய், அதன் அடியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் முனை, மேலே இறுக்கமான மூடியும் வெற்றிட மானியும் என்று கருவியின் அமைப்பு மிக எளியது. காயும் மண் பீங்கான் முனை வழியாகக் குழாயிலுள்ள நீரை இழுக்க, அந்த இழுவிசையை மானி சென்டிபார் என்னும் அழுத்த அலகில் காட்டுகிறது. மண் நீரில் ஊறியிருக்கும்போது 0-வில் நிற்கும் முள், மண் காயக் காய ஏறுகிறது.

மண்ணில் எத்தனை விழுக்காடு நீர் இருக்கிறது என்பதை இது சொல்லாது. அந்த நீரைப் பெற வேர் எவ்வளவு வலுவாக இழுக்க வேண்டியிருக்கிறது என்பதையே சொல்கிறது. ஒரே அளவு நீர் மணற்பாங்கான நிலத்தில் எளிதாகக் கிடைக்கும், களிமண்ணிலோ இறுகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால், பயிரின் நோக்கில் இதுவே பயனுள்ள அளவு என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை மட்டும் வாங்கி நட்டால் அது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். சொட்டுவானுக்குக் கீழே ஈரம் சீராகப் பரவுவதில்லை; மணலில் குறுகி ஆழமாகவும் களியில் அகன்று மேலாகவும் நிற்கிறது. வேரும் அந்த வேறுபாட்டுக்கு ஏற்பவே கிளைக்கிறது. ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் காற்றும் படும் வேர், ஈரம் படும் பக்கத்திலேயே பக்கவேர்களை விடுகிறது என்பது 2014-இல் வெளியான ஆய்வில் மக்காச்சோளம், நெல் ஆகியவற்றிலும் காட்டப்பட்டது. மண்ணிலுள்ள வெற்றிடத்தைக் கடக்கும் வேர்ப்பகுதி கிளைப்பதை நிறுத்திவிட்டு, மறுபடி ஈர மண்ணைத் தொட்ட பிறகே கிளைப்பதும் பின்னர் விளக்கப்பட்டது. அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன், பக்கவேர் விடத் தூண்டும் ஆக்சின் என்னும் மற்றொரு ஹார்மோன் அங்கே உள்ளே செல்வதைத் தடுக்கிறது. ஆகவே, வேர் இல்லாத இடத்தில் நட்ட கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் பயிரைப் பற்றி எதுவும் சொல்லாது. விற்பனையாளர் தந்த துண்டுத்தாளில் 'வேர்ப்பகுதியில் நடவும்' என்ற ஒரே வரிதான் இருந்தது. இந்த விலைக்கு அது போதாது.

இரண்டு ஆழங்களில் வைத்த பிறகு படம் தெளிவாகிறது. மேல் மானியின் முள் ஏற, கீழ் மானியின் முள் அசையாமல் இருந்தால், பயிர் மேல்மண்ணிலிருந்தே குடிக்கிறது. பாசன இடைவெளியைச் சற்றுக் கூட்டியபோது கீழ் முள்ளும் மெல்ல ஏறத் தொடங்கியது. கீழ் முள் எப்போதும் 0-வை ஒட்டியே கிடந்தால் தேவைக்கு மேல் நீர் பாய்கிறது என்று பொருள். காற்றோட்டம் இல்லாத அந்த அடியில் வாழை வேர் நன்றாக ஓடாது. 1990-களில் ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் உருவான, வேரின் ஒரு பாதியைக் காயவிட்டு மறுபாதிக்கு மட்டும் நீர் விட்டு மாற்றி மாற்றிப் பாய்ச்சும் முறையைக் கையாள விரும்புவோர், செடியின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று வைக்க வேண்டும்.

இதன் பெரிய குறை அளவெல்லைதான். ஏறத்தாழ 80 சென்டிபாரைத் தாண்டினால் குழாய்க்குள் காற்று புகுந்து கருவி செயலிழக்கிறது; பயிர் நிரந்தரமாக வாடும் நிலை என்று பாடநூல்கள் கொள்வதோ 1500 சென்டிபார். ஆழவேர் இரவில் கீழிருந்து இழுக்கும் நீர் மேல்வேர்கள் வழியாக உலர்ந்த மேல்மண்ணில் கசிவதை 1987-இல் அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள் ஆர்ட்டிமீசியா என்னும் காட்டுப் புதரில் காட்டினார்கள். அவர்கள் அளந்த வறட்சி டென்சியோமீட்டருக்கு எட்டாதது; சைக்ரோமீட்டர் என்னும் வேறு கருவியையே நாட வேண்டியிருந்தது. மானாவாரி நிலக்கடலைக்கும் முள்காட்டுக்கும் இது உதவாது என்று இதனால் சொல்கிறேன். சொட்டுநீரில் வளரும் வாழை, காய்கறி, பூ ஆகியவற்றுக்கு, அந்த எல்லைக்கு வெகு முன்பே நீர் பாய்ச்சிவிடுவதால், குறை பெரிதாகத் தெரியாது.

பராமரிப்பு கொஞ்சம் கேட்கும். நடுவதற்கு முன் முனையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்து ஆறிய நீரை நிரப்பி, குழியில் அதே மண்ணைக் குழைத்து ஊற்றி முனையைப் பதிக்க வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் வேர் கிளைக்காதது போலவே கருவியும் அளக்காது. இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய, நிற விளக்குகளால் ஈரநிலையைக் காட்டும் கைக்கருவி இருக்கிறது. வேண்டிய இடத்தில் குத்திப் பார்க்கலாம் என்றாலும், இரவுபகலாக ஒரே இடத்தைக் கவனிக்க அது ஏற்றதன்று.

வாங்கியவுடன் ஊறவைத்து நிரப்பிய கருவியை மண்ணில் நடாமல் நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். முனை உலர உலர முள் நன்றாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் மூடியிலோ மானியின் இணைப்பிலோ கசிவு இருக்கிறது, அப்போதே மாற்றிக் கேட்கலாம்.