தொலைதூர எஃப்.பி.வி. பறத்தலுக்கு லைபோவா, லி-அயானா?

ட்ரோனின் கேமரா அனுப்பும் காட்சியைத் திரையில் பார்த்தபடியே பறப்பதுதான் எஃப்.பி.வி. தூரம் போவதற்கென்றே வைத்திருக்கும் என் 7 இன்ச் ப்ராப் (விசிறி) க்வாட்டில், அதாவது நான்கு மோட்டார் ட்ரோனில், இப்போது இருப்பது 21700 (21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம்) செல்களால் ஆன 6எஸ் (ஆறு செல் தொடராக இணைத்த) லி-அயான் பேக். லைபோவை (மென்மையான பை உறையில் வரும் லித்தியம் பாலிமர் பேட்டரி) நான் ஒதுக்கிவிடவில்லை, சுழன்று விளையாடும் 5 இன்ச்சில் இன்றும் அதுதான். ஆனால் மலைச்சரிவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது, ஆற்றோடு நேராகப் போவது மாதிரியான பறத்தலுக்கு லி-அயான்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த காரணத்தை முதலில் முடித்துவிடலாம். ஒரே எடைக்கு லி-அயானில் அதிக ஆற்றல் அடங்கும். 21700 அளவிலான மோலிசெல் பி42ஏ செல் ஒன்று சுமார் 70 கிராம், கொள்ளளவு 4200 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி). ஆறு செல் சேர்த்தால் 420 கிராமுக்கு ஏறத்தாழ 90 வாட்-மணி. அதே எடையில் 6எஸ் லைபோ 2600 எம்.ஏ.எச். பக்கம் நிற்கும், அதாவது 58 வாட்-மணி அளவு. 8 ஆம்பியரில் நிதானமாகப் போகும் க்வாட் லைபோவில் 15 நிமிடம் பறக்குமென்றால் லி-அயானில் 25 நிமிடம் பறக்கும். காகித அளவில் போட்டி இங்கேயே முடிந்துவிடுகிறது.

லைபோவின் பலமும் தெரிந்ததுதான். கேட்ட கரன்ட்டை உடனே தரும். நல்ல 1300 எம்.ஏ.எச். பேக் 80 ஆம்பியரைக்கூட ஒரு வீச்சுக்குக் கொடுத்துவிடும். பி42ஏ-யின் உச்ச வரம்பு 45 ஆம்பியர், அதுவும் செல் நன்றாகச் சூடாகும். பல்டி அடிக்க, மேலிருந்து செங்குத்தாக இறங்கிக் கடைசி நொடியில் நிறுத்த எல்லாம் லைபோவே சரி.

என் முடிவைத் தீர்மானித்தது இவை இரண்டுமே இல்லை. பேக்கின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், அதாவது திரும்பி வரும் வழியில், பேட்டரி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான்.

லைபோவின் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் மெதுவாகத்தான் இறங்கும். செல்லுக்கு 3.5 வோல்ட் வந்தபின் மளமளவென்று சரியும். அதனால் லைபோவில் பழகியவர்கள் திரையில் வோல்டேஜைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். லி-அயான் அப்படியில்லை. 4.2-இல் தொடங்கி 3 வோல்ட் வரை ஒரே சரிவாக இறங்கிக்கொண்டே வரும். செல் தயாரிப்பாளர் தரும் அடிமட்டம் 2.5 வோல்ட். பறக்கும்போது 3.5 வோல்ட் காட்டினால் லைபோ ஏறக்குறைய காலி, லி-அயானில் இன்னும் பெரும் பங்கு மிச்சம் இருக்கும். க்வாட்டை இயக்கும் மென்பொருளான பீட்டாஃபிளைட்டில் எச்சரிக்கை 3.5, குறைந்தபட்சம் 3.3 என்றுதான் முன்னிருப்பாக இருக்கிறது. அதை மாற்றாமல் லி-அயானை மாட்டினால் பாதி வழியிலேயே திரையில் எச்சரிக்கை மின்ன ஆரம்பித்துவிடும். நான் எச்சரிக்கையை 3.1-க்கும் குறைந்தபட்சத்தை 2.9-க்கும் இறக்கி வைத்திருக்கிறேன்.

2.5 வரை போகலாமே என்று கேட்கலாம். திரையில் தெரியும் செல் வோல்டேஜ் மொத்தத்தை ஆறால் வகுத்த சராசரி. ஆறில் ஒரு செல் கொஞ்சம் சோர்ந்திருந்தால், சராசரி 3.0 காட்டும்போதே அது 2.7-க்குக் கீழே போயிருக்கலாம். திரை அதைச் சொல்லாது.

அடுத்தது தொய்வு. சுமை ஏறும்போது வோல்டேஜ் தொய்வது உள்தடையால். 21700 செல்லில் உள்தடை தோராயமாக 15 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆம்பியரில் தொய்வு 0.12 வோல்ட், கண்டுகொள்ளவே வேண்டாம். 40 ஆம்பியரில் அதுவே 0.6 வோல்ட். நிரம்பிய பேக்கில் 0.6 போனால் பரவாயில்லை. 3.3-இல் இருக்கும் பேக்கில் போனால் நேராக 2.7. தரமான லைபோவில் உள்தடை இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இன்னொன்றும் சேர்கிறது. அதே வேகத்தில் பறக்க அதே வாட் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் கரன்ட் தானாக ஏறும். 180 வாட் இழுக்கும் க்வாட், 25 வோல்ட்டில் 7 ஆம்பியர் சுற்றி எடுக்கும். 18 வோல்ட்டில் 10 ஆம்பியர். கரன்ட் ஏறினால் தொய்வு இன்னும் ஏறும். எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் புறப்பட்டபோது 8 ஆம்பியரில் போன க்வாட் திரும்பும்போது 15 கேட்கும். த்ராட்டிலை மேலே தள்ளினாலும் ஆரம்பத்தில் இருந்த உதைப்பு இருக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு லி-அயானைப் பரிந்துரைக்கிறேனா என்றால், ஆமாம். காரணம் இதுதான்: இந்த நடத்தை முழுக்கக் கணக்கில் அடங்குவது. வோல்டேஜை ஓரமாக வைத்துவிட்டு, செலவான எம்.ஏ.எச்.-ஐப் பார்த்துப் பறந்தால் லி-அயான் போல் நம்பகமான பேட்டரி வேறில்லை. 4200-இல் 3400-தான் என்னுடையது, மீதியைத் தொடுவதில்லை. காற்றில்லாத நாளில் 1500 செலவானதும் திரும்பிவிடுவேன். காற்றிருந்தால் முதலில் எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும்படி வழியை வைத்துக்கொள்வேன். கடைசியில் சில நூறு எம்.ஏ.எச். மிச்சத்தோடு, மோட்டார் திணறாமல் வந்து இறங்கலாம். லைபோவில் இதே கணக்கைப் போட்டாலும் அடியில் கிடைக்கும் அவகாசம் சின்னது. ஒரு நிமிடம் கூடுதலாக மிதக்க வேண்டி வந்தால் அது நிதானமாகக் குறைந்துகொண்டு வராது, சட்டென்று படுத்துவிடும்.

ஆனால் எண்ணை நம்ப வேண்டுமென்றால் எண் சரியாக இருக்க வேண்டும். மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.-யில் உள்ள கரன்ட் சென்சார் பெட்டியிலிருந்து வரும்போதே துல்லியமாக இருப்பது அபூர்வம். இதைச் சரிசெய்வது சுலபம். நிரம்பிய பேக்கோடு ஒரு தடவை வழக்கம்போல் பறந்து, இறங்கியதும் திரையில் காட்டும் எம்.ஏ.எச்.-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜர் அதே பேக்கை நிரப்ப எவ்வளவு ஏற்றியது என்று பாருங்கள். திரை 2700 காட்டி, சார்ஜர் 3000 ஏற்றியிருந்தால், 2700-ஐ 3000-ஆல் வகுத்து, பீட்டாஃபிளைட்டில் கரன்ட் சென்சாருக்கு இருக்கும் பழைய ஸ்கேல் எண்ணோடு பெருக்கினால் வருவதுதான் புதிய ஸ்கேல். இரண்டு மூன்று பறத்தலில் இரண்டு எண்ணும் ஒட்டி வந்துவிடும். நிதானமாகப் பறந்துதான் அளக்க வேண்டும், தொலைதூரத்தில் நாம் இழுக்கும் கரன்ட் அதுதானே. இந்த வேலையைச் செய்யாமல் லி-அயானோடு தூரம் போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உங்கள் க்வாட்டுக்கு இது ஒத்துவருமா என்பதற்கும் அதே கரன்ட்தான் பதில். சமமாகப் பறக்கும்போது செல்லுக்கு 10 ஆம்பியருக்குள் நின்றால் தயங்காமல் லி-அயான். 15-ஐத் தாண்டினால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் ப்ராப், மோட்டார் கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று), எடை இவற்றைப் பாருங்கள். முழு அளவு ஆக்‌ஷன் கேமரா ஏற்றிய 5 இன்ச் இந்த இடத்தில்தான் தடுமாறும். அதற்கு லைபோவே போதும்.

லி-அயானிலும் எந்தச் செல் என்பது முக்கியம். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள 18650-இல் வி.டி.சி.6 போன்ற 3000 எம்.ஏ.எச். செல்கள் 4 இன்ச் மாதிரியான இலகுவான க்வாட்டுக்கு அருமை, செல் ஒன்று 47 கிராமுக்குள். 7 இன்ச்சுக்கு 21700-தான். பி42ஏ-க்கு அடுத்து வந்த பி45பி-யில் அதே எடைக்கு 4500 எம்.ஏ.எச். கிடைக்கிறது, தொய்வும் குறைவாகத்தான் தெரிகிறது. நான் அதைப் பயன்படுத்தத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது, பழசானபின் எப்படி இருக்கும் என்று இப்போது பேசமாட்டேன். 18650-இல் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டு விற்பதைத் தொடவே வேண்டாம். அந்த அளவு செல்லில் 3600 சுற்றி அடங்குவதே பெரிது. பழைய லேப்டாப் செல்லுக்குப் புது உறை போட்டு விற்பதும் நடக்கிறது, அவை இந்தக் கரன்ட்டைத் தாங்காது.

பேக்கை நீங்களே கட்டுவதென்றால் ஸ்பாட் வெல்டிங் வேண்டும். செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூடு உள்ளே இறங்கிச் செல் கெட்டுப்போகும். நேர்முனையைச் சுற்றி இருக்கும் விளிம்பு எதிர்முனை என்பதை மறக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவே மெல்லிய உறை மட்டும்தான். அந்த இடத்தில் காப்புக் காகித வளையம் ஒட்டாமல் நிக்கல் பட்டையைப் படுக்க வைக்காதீர்கள். கட்ட விருப்பமில்லையா, நல்ல செல்லின் பெயரைச் சொல்லி விற்கும் ஆயத்த பேக்கே போதும்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் என் அனுபவத்தில் ஒன்றுதான். லைபோவை நிரப்பி வைத்து, மழை வந்து பறக்க முடியாமல் ஒரு வாரம் கிடந்தால் உப்பத் தொடங்கிவிடும். லி-அயான் அந்த அளவுக்குக் கோபித்துக்கொள்வதில்லை. ஆனாலும் நீண்ட நாள் வைப்பதென்றால் இரண்டையுமே பாதி சார்ஜில் வைப்பதுதான் நல்லது. குளிரில் லி-அயான் லைபோவைவிடச் சுணங்கும். உள்தடை ஏறுவதால் முதல் சில நிமிடம் மந்தமாக இருக்கும். புறப்படும் வரை பேக்கைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக வைத்திருப்பது உதவும். உறைபனிக் குளிரில் நான் அதிகம் பறந்ததில்லை, அங்கே பறப்பவர்கள் இன்னும் அதிக இருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

எல்.ஐ.எச்.வி. லைபோவும் ஒரு வழிதான். 4.35 வோல்ட் வரை ஏற்றலாம், ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதல் முழுக்க முதல் நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது கடைசி நிமிடங்களில்.

அப்புறம் 1பி-யா (ஒரே வரிசை செல்கள்) 2பி-யா (இணையாக இரண்டு வரிசை) என்ற கேள்வி. 6எஸ்2பி போட்டால் செல்லுக்கு விழும் கரன்ட் பாதியாகும், தொய்வும் அப்படியே. ஆனால் பேட்டரியே 840 கிராம் ஆகிவிடும், அந்த எடையைத் தூக்கவே கரன்ட் ஏறும். 7 இன்ச்சில் இரண்டையும் பார்த்தபின் 1பி-யிலேயே நின்றுவிட்டேன். விமானத்தில் எடுத்துப்போவோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கைப்பையில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-மணி. பி45பி-யில் கட்டிய 6எஸ்1பி 97 வாட்-மணி, உள்ளே வந்துவிடும். 2பி பேக் விமான நிறுவனம் அனுமதி தரக்கூடிய 160-ஐயும் தாண்டிவிடும்.